அப்புனு, உன்ற பொட்டிக்குக் காது இருக்குதா?

அப்புனு, உன்ற டி.ஜே. பொட்டியில 130-னு ஒரு எழுத்து எரிஞ்சுட்டே இருக்குதே, அது என்ன கண்ணு? நான் மொதல்ல அது உன்ற ரத்தக்கொதிப்புன்னு நெனச்சேன். ஒரு காதுல ஹெட்போனை மாட்டிட்டு, இன்னொரு காதைத் தொறந்து உட்டுட்டு, புருவத்தை நெரிச்சுட்டு நீ நிக்கற நெலமையைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். அப்பறம் என்ற பேத்திதான் சொன்னா. “அது பி.பி.எம்.முங்க அப்பாரு, ஒரு நிமிசத்துக்கு எத்தனை அடி உழுகுதுங்கற கணக்கு”ன்னு. சரித்தான். போன நோம்பியில உனக்கு உழுந்த அடியை யாரும் எண்ணலே, இதையாவது எண்ணறாங்களேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டேன்.

கோவிச்சுக்காதே சாமி. நான் என்னத்தக் கண்டேன். சாயப்பட்டறையில மாஸ்டரா இருந்து தொட்டியைக் கலக்குனவன். 2011 ஜனவரியில, நொய்யல் ஆத்தைக் கெடுத்தது போதும்னு ஐகோர்ட்டு சாயப்பட்டறையை எல்லாம் மூடச் சொன்னப்போ ஊட்டுல வந்து உக்காந்தவன். வேலையில்லாதவனுக்குக் காது நல்லாக் கேக்கும். உன்னையாட்டப் பசங்க டாடா ஏஸ் வண்டியில ஸ்பீக்கரை அடுக்கிட்டு மண்டபம் மண்டபமாப் போறதைப் பாத்துட்டே இருந்தேன். பேத்தி போனைக் குடுத்துட்டுப் போனா, அதுலயும் நாலு சமாச்சாரத்தை நோண்டிப் பாத்தேன். டெக்னோவாம், மிக்ஸிங்காம், கீயாம். நீ பொழப்புக்குப் பண்றதை நான் பொழுதுபோகாமக் கத்துக்கிட்டேன். ரெண்டு பழமை சொல்றேன். கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போச்சாது.

மொதல்ல இந்த வெசை வெவகாரம். ரெண்டு பாட்டை ஒட்டோணும்னா ரெண்டும் ஒரே வெசையில ஓடோணும், ரெண்டோட அடியும் ஒரே எடத்துல உழுகோணும். இதை என்னமோ நீயே கண்டுபுடிச்ச மாதிரி அன்னைக்கு அந்தக் கல்யாணப் பந்தியில உக்காந்து வெளக்கம் சொன்னியே, பக்கத்துல உக்காந்து பாயசம் குடிச்சுட்டிருந்தது நாந்தான். நியூயார்க்குல சாங்சுவரின்னு ஒரு ஆட்டக் கிளப்பு இருந்துது. பழைய சர்ச்சுக் கட்டடம். அங்க 1970 வாக்குல பிரான்சிஸ் கிராசோன்னு ஒருத்தர், ரெண்டு ரெக்கார்டை ரெண்டு தட்டுல சுத்த உட்டு, கையாலயே புடிச்சு உட்டு, அடிக்கு அடி சேத்துக் காட்டிப்போட்டாரு. அவருக்கு எழுத்தும் எரியலே, பட்டனும் இல்லே. 1972-ல ஜப்பான்காரன் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200-ன்னு ஒரு தட்டு உட்டான். 1979-ல அதுலயே ரெண்டாவது மாடல் வந்துது. பக்கத்துல நீளமா ஒரு தள்ளு குமிழு. கீழ இழுத்தா வெசை கூடும், மேல தள்ளுனா கொறையும். எட்டு சதவீதம் அந்தப் பக்கம், எட்டு சதவீதம் இந்தப் பக்கம். உன்ற பொட்டியில ரெண்டு பக்கமும் இருக்கற குமிழு அதோட பேரப்புள்ளைங்கதான்.

நீ அந்தக் குமிழைத் தொடறதே இல்லே. சிங்க்னு ஒரு பட்டனை அமுக்கறே, ரெண்டும் ஒட்டிக்குது. அமுக்கு, தப்பில்லே. இடுப்புல கட்டியிருக்கறது ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி, கையில அமுக்கறது சிங்க் பட்டன். ஒட்டறது உனக்கு ராசி.

ஆனா பொட்டி தப்பா எண்ணிப்போட்டா? ஒரு பாட்டு 128, இன்னொண்ணு நெசத்துல 128.5. உன்ற பொட்டி ரெண்டுக்கும் 128-னே எழுதுதுன்னு வெய்யி. அரை அடிதானேன்னு உடாதே. ரெண்டும் சேந்து அரை நிமிசம் ஓடுனா கால் அடி வெலகிப்போகுது. டும் உழுகற எடத்துக்குக் குறுக்கால இன்னொரு டும் வந்து, டும்ம்-டு, டும்ம்-டுன்னு நொண்டுது. ஸ்பீக்கருக்கு முன்னால குதிச்சுட்டிருக்கறவன் திடீர்னு போனை எடுத்துப் பாக்கறான் பாரு, அப்பத் தெரிஞ்சுக்கோ. கால் தப்புனவன் போனைத்தான் பாப்பான்.

பழைய சினிமாப் பாட்டுல இன்னும் கூத்து. அது மனுசன் அடிச்ச தபேலா, மனுசன் அடிச்ச டிரம்ஸ். பல்லவியில ஒரு வெசை இருக்கும், சரணம் முடியறப்போ வாசிக்கறவருக்கே உற்சாகம் வந்து ஒரு மயிரிழை கூடியிருக்கும். உன்ற பொட்டி முழுப் பாட்டுக்கும் சராசரி போட்டு ஒரு எண்ணை எழுதி வெச்சுக்குது. அதை நம்பி ஒரு டெக்னோவை அது மேல ஏத்துனா, பல்லவியில ரெண்டும் கை கோத்து வரும், சரணத்துல மொறைச்சுக்கும். அந்த மாதிரிப் பாட்டுக்கு விரலைக் குமிழு மேலயே வெச்சிருக்கோணும், ஓரத்துல தட்டித் தட்டி உடோணும். விரல் இருக்கறதே போன் தேய்க்கறதுக்குத்தான்னு நெனச்சுட்டிருக்கற உன்கிட்ட இதைச் சொல்றது என்ற தலையெழுத்து.

சுருதி மாதா, லயம் பிதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. நீ அப்பன் பேச்சுக்கு மறுபேச்சு பேசறதில்லே. 130-ன்னா 130-தான். ஆத்தா பேச்சுத்தான் உன்ற காதுல ஏறமாட்டீங்குது.

உன்ற கம்ப்யூட்டர்ல ஒரு வட்டம் வெச்சிருக்கியே, ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ஏ, பி-ன்னு ரெண்டு ரெண்டு வீடு. கேமலாட் சக்கரம்னு சொன்னே. எந்தப் பாட்டோட கீ எதோட சேரும்னு மார்க் டேவிஸ்ங்கறவரு போட்ட கணக்கு. மொத்தம் 24 வீடு. ஏ-ன்னா மைனர், பி-ன்னா மேஜர். 8ஏ-ங்கறது ஏ மைனர், 8பி-ங்கறது சி மேஜர். இது ரெண்டும் ஏண்டா ஒரே எண்ணுல குடியிருக்குதுன்னு கேட்டேன். “சேருமுங்க அப்பாரு, ஆப்புல போட்டிருக்குது”ன்னே. ஆப்புல போட்டிருந்தாக் கெணத்துலயும் குதிப்பே.

பெருமாநல்லூர் குண்டம் நோம்பிக்கு வர்ற நாதஸ்வரக்காரரு யாரையாவது புடிச்சுக் கேட்டிருக்கலாமில்ல? சங்கராபரணத்தோட ஏழு சுரத்தையும் அப்படியே வெச்சுட்டு, தைவதத்தை ஸட்ஜமா நெனச்சு வாசிச்சா நடபைரவி வந்துரும். கிரகபேதம்னு பேரு. 8பி சங்கராபரணம், 8ஏ நடபைரவி. மேளக் கணக்குல 29-ம் 20-ம். சுரம் அதே ஏழுதான், சம்மணம் போட்டு உக்கார்ற எடந்தான் வேற. அதனாலதான் அந்த ரெண்டும் சண்டையில்லாமச் சேருது. அவரு வெத்தலையை மடிச்சுட்டே சொல்லிப்போடுவாரு. நீ அதைத் தெரிஞ்சுக்க சாப்ட்வேருக்குக் காசு கட்டறே.

பக்கத்து எண்ணும் அப்படித்தான். 8ஏ-ல இருந்து 9ஏ-க்குப் போனா ஏழுல ஆறு சுரம் அதேதான், ஒண்ணு மட்டும் ஒரு படி ஏறும். 7ஏ-க்குப் போனாலும் ஆறு அதேதான், ஒண்ணு ஒரு படி எறங்கும். ஒரு எண்ணு தள்ளிப் போனாக் காது திடுக்குங்காததுக்குக் காரணம் அவ்வளவுதான். சக்கரம் பொய் சொல்லலே. அது சொன்னதை எப்போ நம்பறதுங்கறதுலதான் உன்ற யோக்கியதை தெரியுது.

இப்பப் பாரு. தட்டை வெசையாச் சுத்துனா பாட்டோட வெசை மட்டுமா கூடுது? கொரலும் மேல ஏறுது. பன்னெண்டு சுரஸ்தானத்துல ஒரு படி ஏறோணும்னா, ஏறக்கொறைய ஆறு சதவீதம் வெசையைக் கூட்டுனாப் போதும். 128-ல இருக்கற ஒரு 8ஏ பாட்டை நீ 136-க்கு இழுத்துட்டுப் போறே. 6.25 சதவீதம். ஒரு படி முழுசா ஏறிப்போச்சு. ஏ மைனரா இருந்தது இப்ப பி பிளாட் மைனர். சக்கரத்துல அது 3ஏ, ஏறக்கொறைய எதிர்ப்பக்கத்துல கெடக்குது. திரையில மட்டும் இன்னும் 8ஏ-ன்னே எழுதியிருக்குதுன்னு வெய்யி, நீ அதைப் பாத்துட்டு ஜம்முனு இன்னொரு 8ஏ-வை எடுத்து உடறே. ரெண்டு பொண்ணு ஊட்டுக்காரங்களை ஒரே மண்டபத்துக்கு வரச்சொன்ன கல்யாணத் தரகரு மாதிரி நடுவுல நின்னு கையைத் தூக்கி ஆட்டறே.

இதை நாங்க சாயப்பட்டறையில தெனமும் பாத்தோம். பனியனோட ஒடம்புத் துணி ஒரு லாட்டு, கைத் துணி வேற லாட்டு. ரெண்டு ரோலும் தனித்தனியாக் கெடக்கறப்போ ஒரே செவப்பு, கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணலாம். ஓவர்லாக் ஓட்டி ரெண்டையும் சேத்துப் புடிச்சாத்தான் தோள்பட்டையில பல்லை இளிக்கும். பையர் ஆளு அதைத் தூக்கிட்டுப் போய் லைட் பாக்ஸ்ல வெப்பான். டி65 வெளிச்சத்துல ஒண்ணாத் தெரிஞ்சது டி.எல்.84 வெளிச்சத்துல அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச மாதிரித் தெரியும். மாஸ்டரு மூஞ்சியை அப்பப் பாக்கோணும். உன்ற பாட்டும் தனியா ஓடறப்போ ரெண்டும் யோக்கியந்தான். சேந்து ஓடற அந்த அரை நிமிசந்தான் தையல். அங்கதான் வண்டவாளம் தெரியும்.

“கீ லாக் இருக்குதுங்க அப்பாரு”ன்னு சிரிக்கறே. இருக்குது, எனக்கும் தெரியும். மாஸ்டர் டெம்போன்னும் சொல்லுவாங்க. வெசையைக் கூட்டுனாலும் சுருதி ஏறாமப் புடிச்சு வெச்சுக்கும். எப்படிப் புடிக்குதுன்னு யோசிச்சியா? சத்தத்தைப் பொடிப்பொடியா நறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடுக்கி ஒட்டுது. ரெண்டு மூணு சதவீதம்னா ஒட்டுன எடம் தெரியாது. அதுக்கு மேல இழுத்தா டும்முங்கற அடி தொளதொளத்துப் போகும். டெக்னோவுல அந்த டும்மை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குது, உன்ற கூலிங் கிளாஸ் மட்டுந்தான்.

அதனால பாட்டைப் பொறுக்கறப்பவே வெசை பக்கத்துல பக்கத்துல இருக்கறதாப் பொறுக்கு. 128-ல இருந்து 130-க்குப் போனா சுருதி கால் படிக்குக் கொஞ்சம் மேல நகருது. கீ லாக் போட்டாலும் நோகாது. பெரிய எகிறு எகிறோணும்னா நாலஞ்சு பாட்டாப் பிரிச்சு எகிறு.

நீ எதுக்கெடுத்தாலும் டெட்ராய்ட்டு, டெட்ராய்ட்டுன்னு நெஞ்சைத் தட்டறே. தட்டு. அது கார் பேக்டரி ஊரு, நம்முளுது பனியன் கம்பெனி ஊரு. மெஷின் சத்தத்துக்குப் பொறந்த ஊரு ரெண்டும். வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன்னு பெல்வில் ஊர்ப் பள்ளிக்கூடத்துல பழகுன மூணு கறுப்பினப் பசங்க போட்ட பாட்டுக்கு, 1988-ல லண்டன்ல வந்த ஒரு தொகுப்புத் தட்டுதான் டெக்னோங்கற பேரை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதெல்லாம் உனக்கு மனப்பாடம். சரண்ஜித் சிங்னு ஒருத்தரைத் தெரியுமான்னு கேட்டா, ‘பஞ்சாபி தாபாவுங்களா’ங்கறே.

பம்பாயில இந்திச் சினிமாவுக்கு வாசிச்சுட்டிருந்தவரு அவரு. 1982-ல ரோலண்டு கம்பெனியோட மூணு பொட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டாரு. ஜூப்பிட்டர் 8-ன்னு ஒரு கீபோர்டு, டி.பி. 303-ன்னு ஒரு பேஸ் பொட்டி, டி.ஆர். 808-ன்னு ஒரு தாளப் பொட்டி. பைரவி, லலித், தோடி, மதுவந்தி, யமன்னு வடக்கத்தி ராகம் பத்தை, டிஸ்கோ அடி மேல வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாரு. வாங்க ஆளில்லே. சிகாகோவுல பியூச்சர்னு ஒரு குரூப்பு அதே 303-ஐ முறுக்கி ‘ஆசிட் டிராக்ஸ்’ போட்டது 1987-ல. 2010-ல இவரு ரெக்கார்டை மறுபடி போட்டப்பத்தான், அஞ்சு வருசம் முன்னாலயே பம்பாய்க்காரரு ஒருத்தர் அந்தச் சத்தத்தைப் புடிச்சு வெச்சிருந்துட்டாருடான்னு வெள்ளைக்காரன் வாயைப் பொளந்தான். 2015-ல மனுசன் போய்ச் சேந்துட்டாரு. வயசான காலத்துலயாவது பேரு கெடைச்சுது.

அவரை எதுக்கு இழுத்தேன்னா, ராகத்துக்காரனுக்குச் சக்கரம் வேண்டியதில்லே. அவனுக்கு ஸட்ஜம் நகரறதில்லே. நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்துல ஒட்டு ஊதறவரு உக்காந்து ஒரே சுரத்தை இழுத்துட்டே இருப்பாரு. இப்ப அந்த வேலையைச் சுருதிப் பொட்டி செய்யுது. மேல எத்தனை ராகம் மாறுனாலும் கீழ அந்த ஒரு சுரம் அசையாது. உன்ற டெக்னோவுலயும் பாதிக்கு அப்படித்தான், பேஸ் ஒரே சுரத்துல மொனகிட்டே கெடக்கும். 8ஏ-ங்கறது ஏ மைனர், 11பி-ங்கறது ஏ மேஜர். சக்கரத்துல ரெண்டும் தூரம், போகாதேங்கும். ஒட்டு ஊதறவரைக் கேட்டா ரெண்டும் ஒரே வீடுன்னுவாரு. போற பாட்டுல மெட்டு அடங்கி, பேஸும் தாளமும் மட்டும் இருக்கற எடமாப் பாத்து வர்ற பாட்டை எடுத்து உடு. மேல இருக்கற நெறம் மட்டும் மாறும், தரை மாறாது. ராத்திரி பனியில ஒரே எடத்துல நின்னு ஆடிட்டிருக்கறவனுக்குத் திடீர்னு வெயில் அடிச்ச மாதிரி இருக்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு தடவை பண்ணு, போதும். நல்லா இருக்குதேன்னு பாட்டுக்குப் பாட்டு பண்ணிப்போடாதே. உனக்கு எதையும் அளவாப் பண்ணிப் பழக்கமில்லே, ஜெல்லு அப்பியிருக்கற அந்தத் தலையைப் பாத்தாலே தெரியுது.

இன்னொண்ணு. உன்ற பொட்டியில இருக்கற பாதிப் பாட்டுல மெட்டே கெடையாது. டும்மு, தட்டு, ஜல்லு, நடுநடுவுல ஒரு பொம்பளை மூச்சு வாங்கற சத்தம். அதுக்கும் சாப்ட்வேர் ஒரு எண்ணைப் போட்டுருது, 5ஏ, 10பி-ன்னு. போடலைன்னா நீ காசு கட்டமாட்டியே. மெட்டு இல்லாத பாட்டுக்கு அந்த எண்ணைப் பாத்துப் பயந்து நடுங்காதே. அங்க பாக்க வேண்டியது அடிவயித்துச் சத்தத்தை மட்டுந்தான். ஒரு பாட்டோட பேஸ் ஏ சுரத்துல நிக்குது, நொடிக்கு 55 அதிர்வு. இன்னொண்ணு அதுக்கு ஒரு படி மேல, 58 சொச்சம். ரெண்டும் சேந்து வந்தா நொடிக்கு மூணு தடவை வூவ் வூவ் வூவ்னு வயித்தைப் பெசையும். தகரம் மேஞ்ச மண்டபத்துல கூரை ஆடும். அன்னைக்குப் பந்தியில பெருசுங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சது ரசம் சரியில்லேன்னு நீ சமையக்காரரு மேல பழியைப் போட்டே. ரசம் நல்லாத்தான் இருந்துது சாமி.

அதுக்கு வழி உன்ற கைக்குக் கீழயே இருக்குது. ஒவ்வொரு பாட்டுக்கும் லோ, மிட், ஹைன்னு மூணு குமிழு. புதுப் பாட்டு உள்ள வர்றப்போ அதோட லோ குமிழைச் சுத்தமா எறக்கி வெய்யி. மேல இருக்கற ஜல்ஜல் மட்டும் தலையைக் காட்டட்டும். பதினாறு பார் போகட்டும். 128 வெசையில அது சரியா அரை நிமிசம், செகண்டு முள்ளைப் பாத்துக்கலாம். பதினாறு முடிஞ்சு அடுத்த ‘ஒண்ணு’ உழுகுது பாரு, அந்த எடத்துல ஒரு கையால பழசோட லோவை எறக்கு, இன்னொரு கையால புதுசோட லோவை ஏத்து. ரெண்டு கையும் ஒரே நேரத்துல வேணும். அதனால அந்த நேரத்துல செல்பி எடுக்க முடியாது. கஷ்டந்தான், என்ன பண்றது.

வெசையும் கீயும் சரியா இருந்தும் அன்னைக்கு அந்தக் கல்யாணத்துல ஏன் கவுந்துதுன்னு உனக்கு இன்னும் தெரியலே, எனக்குத் தெரியும்.

நம்ம பக்கம் இப்ப வள்ளிக் கும்மி எந்த அளவுக்கு வந்திருக்குதுன்னு பாக்கறியே. கோயமுத்தூர் பத்ரப்பன் அய்யாவுக்கு அந்தக் கும்மிக்காக 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அப்படிக் கும்மி கத்துக்கிட்ட புள்ளைங்க இருபது முப்பது பேரு, ஒரே நெறத்துச் சேலை, பொண்ணு ஊட்டுப் பக்கம் வட்டமா நிக்கறாங்க. நீ 130-ல டெக்னோ ஓட்டிட்டு இருக்கறே. அவங்களும் சளைக்கலே, உன்ற டும்முக்கே கையைத் தட்டிக் காலை எடுத்து வெச்சு ஆடறாங்க. பாக்க அத்தனை சோக்கா இருந்துது. நீ அடுத்து ஒரு குத்துப் பாட்டை எடுக்கறே. அதுவும் 130. கீயும் பக்கத்து எண்ணு. பச்சை வெளக்கு எரியுது. நீ சிரிக்கறே. மேல ஏத்தறே. ஒரே நொடி, அத்தனை புள்ளைங்க கையும் தட்டப் போன எடத்துல அந்தரத்துல நின்னுபோச்சு. முன்னால இருந்தவ பின்னால இருந்தவ காலை மிதிச்சுட்டா. ஒருத்தி “ஏனுங்ணா, கரெண்டு போச்சுங்களா”ன்னே கேட்டுப்போட்டா.

கரெண்டு போகலே, நடை போச்சு. உன்ற டெக்னோ ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நாலா நடக்குது, தகதிமி, தகதிமி. அந்தக் குத்து மூணா நடக்குது, தகிட, தகிட. நம்ம குத்துப் பாட்டு நெறைய திஸ்ர நடைதான். பெரிய அடி ரெண்டுக்கும் ஒரே எடத்துல உழுகுது, அதனால பொட்டி சரின்னு தலையாட்டுது. அது பெரிய அடியை மட்டுந்தான் எண்ணுது. கும்மி ஆடற புள்ளை அப்படியா? அவ கால் நடுவுல இருக்கற குட்டி அடியைப் புடிச்சுட்டு நடக்குது. அந்த ஒரு நொடியில அவ ஒரு காலுக்கு நாலு சொல்றாங்க, இன்னொரு காலுக்கு மூணு சொல்றாங்க. எப்படி வெப்பா?

தவில்காரரு சதுஸ்ரத்துல இருந்து திஸ்ரத்துக்குப் போறப்போ கவனிச்சுப் பாரு. தாளம் போடறவரு கை மாறவே மாறாது, உள் அடி மட்டுந்தான் மாறும். கேக்கறவனுக்கு வழுக்கிட்டுப் போன மாதிரி இருக்கும், உழுந்த மாதிரி இருக்காது. நீயும் அதையே செய்யி. டெக்னோவுல ஹை குமிழை எறக்கி அந்த ஜல்ஜலை எடுத்துப்போடு. நாலா நடக்கறேன்னு காட்டிக் குடுக்கறதே அதுதான். ஏழெட்டு அடி வெறும் டும்மு மட்டும் உழுகட்டும். வெறும் டும்முக்கு நாலும் இல்லே, மூணும் இல்லே. ஆடறவங்க கையைத் தட்டிட்டு நிப்பாங்க. அப்பக் குத்தை உள்ள உடு. அவங்க காலே மூணுக்கு மாறிக்கும். ஒரு சங்கதி: இந்த மாதிரி திஸ்ரப் பாட்டுல சில சமயம் பொட்டிக்கே கொழப்பம் வந்து, 130-ஐ ஒண்ணரை மடங்காக்கி 195-ன்னு எழுதி வெக்கும். அதைப் பாத்து நீ மெரண்டு ஓடாதே. காலால ரெண்டு தட்டுத் தட்டிப் பாரு, உன்ற காலுக்கு 195 தட்டற சக்தி இல்லைன்னு தெரிஞ்சுரும்.

அப்பறம், ஆடறது யாருன்னு ஒரு பார்வை பாரு. சனிக்கெழமை சம்பளம் வாங்கிட்டு வர்றவன், ஒண்ணரை ஷிப்ட்டு முடிச்சுட்டு வந்திருப்பான். காலையில இருந்து அவன் காதுல சிங்கரும் ஓவர்லாக்கும் ஓடிட்டே இருக்குது. பகல் முச்சூடும் பீஸ் ரேட்டுக்கு அந்த டக்டக்குப் பின்னால ஓடுனவன், ராத்திரி அதே டக்டக்குக்குக் காசு வாங்காம ஆடறான். அவன் பக்கத்துல பீகார்ல இருந்து வந்த தம்பி, ஒடிசாவுல இருந்து வந்த தம்பி. அவன் ஊர்ப் பாட்டு ஒண்ணு கேட்டா மூஞ்சியைச் சுளிக்காமப் போடு. அவன் தைச்ச பனியனைத்தான் போட்டுட்டு நிக்கறே.

வந்த ஒடனே 140-ல ஆரம்பிக்காதே. ஏழு மணிக்குப் பெருசுங்க எல போட்டு உக்காந்திருக்கறப்போ 120 போதும். அப்பறம் பாட்டுக்கு ரெண்டு ரெண்டா ஏத்து, ஆறு பாட்டுல 132 வந்துரும், ஒருத்தனுக்கும் ஏறுனதே தெரியாது. ஒரே பாட்டுல ஏத்துனா பத்து சதவீதம், அத்தனை பேருக்கும் தெரியும். ஒம்போதரைக்கு உச்சியில இருந்தீன்னா, பத்துக்குள்ள எறக்கி முடிக்க நேரம் இருக்கும். ராத்திரி பத்துல இருந்து காத்தால ஆறு வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000-லயே மத்திய சர்க்கார் விதி போட்டிருக்குது. பத்தே காலுக்கு எஸ்.ஐ. அய்யா வந்து வாசல்ல நிக்கறப்போ, 8ஏ-வுல இருந்து எந்த வீட்டுக்குப் போறதுன்னு சக்கரம் சொல்லாது. அவரே கூட்டிட்டுப் போயிருவாரு.

எதுக்குடா இந்தக் கெழவன் நம்முளைப் புடிச்சு உக்கார வெச்சு இத்தனை பழமை பேசறான்னு நீ யோசிக்கறது மூஞ்சியிலயே தெரியுது. ஒண்ணுமில்லே. பேரனுக்குக் காதுகுத்து வருது, கொலதெய்வம் கோயில்ல. ஒறம்பரை எல்லாம் வருவாங்க, கும்மிக்கும் சொல்லியிருக்குது. பாட்டுக்கு உன்னையே போட்டுரலாம்னு ஊட்டுல முடிவு பண்ணிப்போட்டோம். உன்ற ரேட்டை விசாரிச்சேன், யாருக்கோ சொன்ன ரேட்டு, நமக்கா அது? இவ்வளவு நேரம் சொல்லிக் குடுத்ததுக்கு நான் பீஸ் கேக்கலையே, அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைச் சொல்லு. பொகை மெஷின் கொண்டு வராதே, கெடா வேகற அடுப்புப் பொகையே கண்ணைக் கரிக்கும். ஜெனரேட்டர் நான் தர்றேன், டீசல் நீ ஊத்திக்கோ. மொய் நோட்டுல மொதல் பக்கத்துலயே உன்ற பேரை எழுதி வெக்கச் சொல்லிட்டேன், தொகையை மட்டும் காலியா உட்டிருக்குது.